பீரோவுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு: நானே துடைக்கலாமா, ஆளைக் கூப்பிடணுமா?

எல்லோருக்கும் வணக்கம். படுக்கையறை பீரோவை நேற்று நகர்த்தினேன். பின்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய்ப் படர்ந்திருக்கிறது. தொட்டால் விரலில் மாவு போல ஒட்டுகிறது. நனைந்த சாக்கு மூட்டை வாடை.

முதலில் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். உப்பு என்றால் தண்ணீர் தெளித்ததும் கரைந்துவிடும், இது கரையவில்லை. ஒரு மூலையில் ப்ளீச்சிங் கரைசலை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறம் வெளுத்தது. அப்படியென்றால் பூஞ்சைதானே?

மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் சோப்புத் தண்ணீரில் நாமே தேய்த்துக் கழுவலாம், அதைத் தாண்டினால் தெரிந்தவர்களை வைத்துப் பார்ப்பது நல்லது என்று படித்தேன். என்னுடையது நாலடி நீளம், இரண்டடி உயரம். பரப்பளவில் எட்டு சதுர அடி, கணக்குப்படி உள்ளேதான். ஆனால் போன வருஷம் இதே இடத்தில் துடைத்து பெயின்டும் அடித்தேன் (அடித்திருக்கக் கூடாது, தெரியும்). இப்போது பெயின்ட் உப்பி உரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அதனால் உள்ளே குழாய் கசிகிறதோ என்று சந்தேகம். மகனுக்கு வேறு இந்த அறையில் படுத்தால் இருமல் வருகிறது.

கசிவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முதலில் பிளம்பரா, பூஞ்சை பரிசோதிப்பவரா? என்ன வகைப் பூஞ்சை என்று ஆய்வகத்துக்கு அனுப்புவதால் ஏதாவது பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.