புதுப் போறணை சூடு பிடிக்கவில்லை

வாழைச்சேனை:
செங்கல்லால் கட்டிய குமிழ்ப் போறணை, உள்ளுயரம் 30 அங்குலம். கட்டி இரண்டு கிழமை. மூன்று மணித்தியாலம் எரித்தும் பாணின் அடி வெளிறித்தான் வருகிறது, மேல்பக்கம் மட்டும் கறுக்கிறது. விறகைக் கூட்டுவதா, வாயை அடைப்பதா?

ஏறாவூர்:
விறகைக் கூட்டாதீங்க தம்பி. இரண்டு கிழமை என்றால் கல்லும் களியும் இன்னும் ஈரம். நெருப்பில் பாதி அந்தத் தண்ணியைக் கொதிக்கவைக்கவே போகும். ராவில் கூட்டின் (குமிழின்) வெளிப்பக்கம் ஒரு கண்ணாடித் துண்டைச் சாத்தி வைங்க. காலையில் உள்பக்கம் முத்துமுத்தாக வியர்த்திருந்தால் காயவில்லை. முதல் நாள் சுள்ளி நெருப்பு ஒரு மணித்தியாலம், மறுகா தினமும் கொஞ்சம் கூட்டி, எட்டுப் பத்து நாள். அவசரப்பட்டு ஒரேயடியாக எரித்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் கூடு வெடிக்கும்.

அடி வெளிறுவதற்குக் காரணம் வேறு. நெருப்பை ஒரு மூலையிலேயே வைத்தால் தளம் சூடாகாது. கூட்டின் உட்கூரையில் பிடித்த கரி எரிந்து வெளுத்து, செங்கல் நிறம் தெரிந்ததும் தணலைத் தளம் முழுக்கப் பரப்பி அரை மணித்தியாலம் விடுங்க. பிறகு வாரி, ஈரச் சாக்கால் துடைத்து, கதவை மூடி இன்னொரு அரை மணித்தியாலம். ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் போட்டால் 20, 30 செக்கனில் பழுக்கவேண்டும். உடனே கருகினால் பொறுங்க.

களுவாஞ்சிகுடி:
ஏறாவூர்க் காக்கா சொன்னது சரி, ஆனால் விறகையும் பாருங்க. வெட்டின பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணி. ஒரு துண்டைத் தராசில் நிறுத்து, பாண் இறக்கின பிறகு சூடு தணிந்த போறணைக்குள் வைத்து, எடை இனிக் குறையாது என்கிறவரை காயவிட்டு மறுபடி நிறுங்க. 1000 கிராம் 830 ஆனால் ஈரம் 17 வீதம், எரிக்கலாம். 700 ஆனால் அது வெறும் புகைதான். கச்சான் காற்றடிக்கும் வரண்ட மாதங்களில் மூன்று அங்குலக் கனத்துக்குப் பிளந்து, தென்னங்குற்றிமேல் அடுக்கி, மேலே மட்டும் கூரை போடுங்க; பக்கங்கள் திறந்தே கிடக்கட்டும். மாரி தொடங்கியபின் பிளந்தால் பிரயோசனமில்லை. பெயின்ற் அடித்த பழைய கதவு, யன்னல் பலகை வேண்டவே வேண்டாம். பாண் வேகும் தளத்தில்தானே அது எரியும்!

சம்மாந்துறை:
கூட்டுக்கு மேல் என்ன போட்டிருக்கு? வெறும் மணல் என்றால் அது சூட்டைக் குடிக்கும், தடுக்காது. இங்கே மில்லில் உமிச்சாம்பல் தாராளம். ஆறு அங்குலம் போட்டு மேலே களி பூசுங்க. கூரை ஒழுகாமல் பாருங்க, நனைந்த சாம்பலால் பயனில்லை. அதுவும் கூடு காய்ந்த பிறகுதான். முன்னமே மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

வாயுயரம் எவ்வளவு?

வாழைச்சேனை:
24 அங்குலம்.

சம்மாந்துறை:
அதுதான் விசயம். குமிழ்ப் போறணைக்கு வாய், உள்ளுயரத்தில் 63 வீதம் அளவில் இருக்கவேணும். 30க்கு 19. உங்கள் சூடு ஐந்து அங்குல இடைவெளியால் புகையோடு வெளியே போகுது. உடைக்காமல் ஓர் இரும்புத் தகட்டை வளைவிலிருந்து தொங்கவிட்டு 19க்கு இறக்கிப் பாருங்க. நாகம் (துத்தநாகம்) பூசிய தகரம் கூடாது, சூட்டில் நச்சுப்புகை விடும். நெருப்பு மூச்சு முட்டிப் புகை முகத்தில் அடித்தால் ஓர் அங்குலம் தூக்குங்க. அளவு பிடிபட்டதும் கல் வைத்துக் கட்டலாம்.