சிசேரியன் ஒருவருக்கு, ஆயுதம் போட்ட பிரசவம் ஒருவருக்கு: கவனிப்பு எப்படி?

கரூர் அண்ணி:
நாத்தனார் இரண்டு பேரும் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறார்கள். பெரியவளுக்கு சிசேரியன், 9 நாள் ஆகிறது. சின்னவளுக்கு ஆயுதம் (குழந்தையின் தலையைப் பிடித்து வெளியே எடுக்கும் கருவி) போட்டு எடுத்தார்கள், 6 நாள். அத்தை பெரியவளைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. சின்னவளுக்கு 'நார்மல்தானே' என்று துணி துவைக்கிற வேலை. இருவருக்கும் வயிற்றில் சேலையை இறுக்கிக் கட்டி, தண்ணீரையும் அளந்துதான் தருகிறார். எது சரி, எது தப்பு?

லேபர் வார்டு சிஸ்டர்:
சின்னவங்களை உடனே வேலையிலிருந்து எழுப்புங்க. ஆயுதம் போட்டால் பிறப்பு வழியில் கிழிசல் ஆழமாகப் போக வாய்ப்பு அதிகம். 3, 4ஆம் நிலைக் கிழிசல் என்றால் ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசையும் கிழிந்திருக்கும். எந்த நிலை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்க.

அகலமான பேசினை நன்றாகக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தையல் மூழ்கும்படி 10–15 நிமிடம் உட்காரட்டும், நாளைக்கு 2–3 தடவை. வெறும் தண்ணீர் போதும், டெட்டால் ஊற்றினால் புண் எரிந்து தோல் வறண்டுபோகும். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னாக. நாப்கினை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

மலமிளக்கி கொடுத்திருந்தால் டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்த வேண்டாம். முக்கி முக்கிப் போனால் தையல் பிரியலாம். காற்றை அடக்க முடியாமல் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்க. பல பேர் இதை வருஷக்கணக்கில் மூடி மறைத்தே கஷ்டப்படுகிறார்கள்.

பிசியோ, திருச்சி:
பெரியவங்க படுத்தே இருப்பதுதான் எனக்குக் கவலை. பிரசவ காலத்தில் ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும்; ஆபரேஷனும் ஆகி, அசையாமலும் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உருவாகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ 108தான், காத்திருக்கவே வேண்டாம்.

மல்லாந்து படுத்தபடி நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல ஒருக்களித்துத் திரும்பணும். காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, மூச்சை விட்டபடியே எழுந்து உட்காரணும். இருமும்போது தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடிக்கட்டும். வீட்டுக்குள் மெதுவாக நாலைந்து தடவை நடக்கலாம். 6 வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர்க் குடம் கூடவே கூடாது.

சேலையை இறுக்கிக் கட்டுவதால் வயிறு உள்ளே போகாது. அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்படித் தசைகள்மேல் விழும். சின்னவங்களுக்கு அது இன்னும் கெடுதல். பெரியவங்களுக்கு நடக்கும்போது தாங்கலாக இருக்க பெல்ட் போடலாம். இரண்டு விரல் நுழைகிற தளர்வு வேணும், படுக்கும்போது கழற்றிடணும்.

கரூர் அண்ணி:
தண்ணீர்? பச்சை உடம்புக்கு ஆகாது என்கிறார். சின்னவள் சம்மரியில் '3சி' என்று எழுதியிருக்கிறது.

லேபர் வார்டு சிஸ்டர்:
தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு எல்லாம் தாராளமாகக் கொடுங்க, ஆனால் பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் நிறுத்த வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை 180 நாள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் 2 மணி நேரம் இடைவெளி விடுங்க.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், உதிரப்போக்கில் துர்நாற்றம் அடித்தால், கண் மங்கித் தலைவலி வந்தால் இருவரில் யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. அழுகையும் தூக்கமின்மையும் 2 வாரம் தாண்டியும் நீடித்தால் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்க, இலவசம்.

3சி என்றால் சுருக்குத் தசையின் வெளி அடுக்கு, உள் அடுக்கு இரண்டுமே கிழிந்து தைத்திருக்கிறார்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் கட்டாயம் மறுபரிசோதனை. அந்தச் சம்மரியைப் பத்திரமாக வையுங்க. அடுத்த பிரசவம் நார்மலா சிசேரியனா என்று பேசும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.