ஏஜென்டுக்குப் புரிகிற மாதிரி டூல் விளக்கம் எழுதக் கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓர் ஓப்பன் சோர்ஸ் எம்சிபி சர்வருக்கு (ஏஐ ஏஜென்ட் தானாக அழைத்துப் பயன்படுத்தும் டூல்களை, அதாவது சிறு செயல்பாடுகளை, வழங்கும் நிரல்) பங்களித்து வருகிறேன். கோப்பின் பெயரைத் தேட ஒரு டூல், கோப்புக்குள் இருப்பதைத் தேட இன்னொன்று. இரண்டுக்கும் விளக்கம் "கோப்புகளைத் தேடும்" என்றுதான் இருந்தது. பாவம், ஏஜென்ட் என்ன செய்யும்? டூலுக்கு உள்ளே இருக்கும் நிரல் அதற்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், ஜேசன் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வரையறை), இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். ஒரு ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெயர் தேடும் டூலை அழைத்துவிட்டு "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று சாதிக்கிறது.

இப்போது இப்படி மாற்றினேன்: "கோப்பின் பெயரில் மட்டும் தேடும். உள்ளடக்கத்தைப் பார்க்காது; அதற்கு மற்ற டூலை அழைக்கவும். எதுவும் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியல் வரும்." தேர்வு சரியாகிவிட்டது. ஆனால் எல்லா டூலுக்கும் இப்படி நீட்டினால் டோக்கன் (மாடல் படிக்க வேண்டிய உரைத் துண்டுகளின் எண்ணிக்கை) எகிறும்.

அளவுருக்களின் விவரத்தை ஸ்கீமாவுக்குள் தள்ளிவிட்டு, மேலே "எப்போது அழைக்கக் கூடாது" என்பதை மட்டும் வைப்பவர்கள் இருக்கிறீர்களா? சொந்தக் கணினியிலேயே ஓடும் சிறிய லோக்கல் மாடல்களில் அது எடுபடுகிறதா? அப்புறம், விளக்கத்தில் ஒரு வரி மாறினால் வேறெதுவும் கெடவில்லை என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்? நீங்கள் எழுதிய விளக்கம் ஏதாவது இருந்தால் அப்படியே போடுங்கள், ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி.