ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகளுக்காக ஓர் ஆலோசனை வேண்டும்

அன்பான சகோதர சகோதரிகளுக்குக் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நாங்கள் பினாங்கு பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். இவ்வாண்டு எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசுத் தேர்வு) எழுதவிருக்கும் என் மகள், மலாய் மொழியிலுள்ள வரலாற்றுப் பாடநூலை மஞ்சள் ஹைலைட்டரால் வரி விடாமல் தீட்டி, இரவு 11 மணி வரை திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். நூலை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டாலோ கண்கலங்கி நிற்கிறாள். வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது என்பதால் அவளுடைய பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

படித்ததை நினைவிலிருந்து எழுதிப்பார்ப்பதும், சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் திருப்புவதும் பலன் தரும் என்று அறிவேன். 1885-லேயே எபிங்காஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தம்மையே சோதித்து இடைவெளியின் பயனைக் காட்டியிருக்கிறார். அதை அன்றாடப் பழக்கமாக்கத்தான் எங்களால் முடியவில்லை, ஏனெனில் டியூஷன் முடிந்து அவள் வீடு திரும்பவே 8 மணியாகிறது. பாபிலோனில் அந்நிய மொழியைக் கற்க வேண்டியிருந்த தானியேலைப் பற்றிப் பேசினேன்; முகம் தெளிந்து, "ஜெபித்துவிட்டுத் தொடங்குகிறேன் அம்மா" என்றாள்.

பிள்ளைகளை இத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்திய பெற்றோரும் ஆசிரியர்களும், இரவில் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள், குடும்ப ஜெபத்தை எந்நேரத்தில் வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.