ஆர்க்கிட்டில் தேடியது செண்டுடுக் புதரில் கிடைத்தது

ஆர்க்கிட் கும்பிடுபூச்சி என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். மலேசியாவின் பேராக்கில் காட்டோரத் தோட்டத்தில் வளர்ந்தவன். பச்சைக் கும்பிடுபூச்சி வீட்டு விளக்குக்கே வரும். இதை மட்டும் பார்த்ததில்லை. காட்டு ஆர்க்கிட் பூத்த மரத்தடியில் எல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றிருக்கிறேன்.

கடைசியில் பார்த்தது தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி வண்டியை நிறுத்திய இடத்தில். சாலையோரம் செண்டுடுக் புதர். (சின்ன வயதில் பழத்தைத் தின்றுவிட்டுக் கறுத்த நாக்கை நீட்டிக் காட்டுவோமே, அதேதான்.) பூவெல்லாம் ஊதா. ஓர் இலைமேல் மட்டும் வெள்ளையாக ஏதோ கிடந்தது. மேலேயிருந்து உதிர்ந்த பூ என்று நினைத்தேன். காற்றே இல்லை, ஆனால் அது ஆடியது.

குனிந்து பார்த்தேன். இறக்கை முளைக்காத இளசு, சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. நடுக்கால், பின்கால் நான்கிலும் தொடை இதழ் மாதிரி அகன்று, ஓரத்தில் லேசான ரோஸ். வயிற்றை முதுகுப் பக்கமாக மடக்கி வைத்திருந்தது. கண்கள் கூம்பு கூம்பாக மேலே கூர்ந்திருந்தன. ஓர் அடி வைக்கும், நின்று ஆடும், அப்புறம் அடுத்த அடி.

ஒரு குட்டித் தேனீ வந்தது. பக்கத்தில் விரிந்திருந்த நிஜப் பூவைச் சட்டை செய்யாமல் நேராக இதனிடம் போனது. முன்கால் பாய்ந்ததை என் கண் பிடிக்கவில்லை. தேனீ அதற்குள் பிடியில் துடித்துக்கொண்டிருந்தது.

பூவுக்குள் ஒளிந்து வேட்டையாடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தேவையே இல்லை, அதுவே பூ! 2014இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. மலேசியக் காட்டில் வைத்துப் பார்த்தபோது, அங்கே அதிகம் பூக்கும் செடியின் பூவைவிட இதைத் தேடித்தான் தேன் தேடும் பூச்சிகள் கூடுதலாக வந்தனவாம். முட்டையிலிருந்து வந்த புதிதில் இந்த வேஷம் கிடையாது. சிவப்பும் கறுப்புமாக எறும்பு போல இருக்கும். வளர்ந்தால் பெண் ஆறேழு சென்டிமீட்டர். ஆண் அதில் பாதிகூட வராது, பாவம்.

இன்னும் கிட்டத்தில் படம் எடுக்கலாம் என்று கைப்பேசியை நீட்டினேன். தேனீயோடு புதருக்குள் குதித்துவிட்டது. கையில் இருப்பது மங்கலாக ஒரே ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கேட்டது: “ஒரு பூவுக்கா இவ்வளவு நேரம் வண்டியில் காக்க வைத்தீர்கள்?”