கிளெரிக் வேண்டுமா, பூசாரி போதுமா?

பகடைக்காரன், காரைக்குடி:
எங்கள் குழு, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடித்துப் பகடை உருட்டி விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்துக்கொண்டு சொந்தமாக ஓர் உலகம் அமைக்கிறது. செம்மண் பொட்டல், ஊருணிகள், ஒன்பது குலக்கோயில்கள், எல்லையில் குதிரைகளோடு காவல் தெய்வம். நம் செட்டிநாட்டைப் பார்த்து வரைந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரைபடம் முடிந்தது, சாமியில் வந்து நின்றுவிட்டோம். என் கட்சி இது: கிளெரிக் என்ற பாத்திர வகையையே தூக்கிவிட வேண்டும்.

1974இல் இந்த விளையாட்டு வந்தபோதே கிளெரிக்கும் வந்துவிட்டார். காயம் ஆற்றுவார், நடமாடும் பிணங்களை விரட்டுவார், கூரான ஆயுதத்தைத் தொடமாட்டார். பாதி ஐரோப்பியப் பாதிரியார், பாதி ரத்தக்காட்டேரி வேட்டைக்காரர். பிறகு வந்த புத்தகங்கள் தெய்வங்களை வரிசையாக அடுக்கின. ஆனால் ஒவ்வொரு கிளெரிக்கும் ஒரே தெய்வத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த சந்நிதிப் பக்கம் திரும்புவதே இல்லை. ஐம்பது ஏக தெய்வ மதங்களை ஒரே தாளில் எழுதிவிட்டால் பல தெய்வ வழிபாடு ஆகிவிடுமா? நம் ஊரில் ஒருவர் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்கிறார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறார். மகன் கல்யாணத்துக்குக் குலக்கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். யாராவது ஏமாற்றிவிட்டால் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுகிறார். பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் ‘தெய்வம்’ என்று இருக்கும் ஒற்றைக் கட்டத்தில் இவர் என்ன எழுதுவார்?

கண்டனூர் வாசி:
நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், தம்பி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான்கு பேர் உட்கார்ந்து விளையாடப் போகிறார்களா, ஆய்வேடு எழுதப் போகிறார்களா? அடிபட்டு விழுந்தவனை எழுப்ப ஓர் ஆள் வேண்டும், அதனால் கிளெரிக் இருக்கிறார். ஒரே தெய்வத்தைப் பிடித்துக்கொள்வதும் ஐரோப்பியச் சரக்கு இல்லை. அறுபத்துமூன்று நாயன்மார்களில் யார் சிவனை விட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்? கண்ணப்பரை அப்படியே ஷீட்டில் ஏற்றலாம். அம்பு மட்டும் கூராக இருக்கும்.

தெய்வத்துக்குத் தெய்வம் வேறுபாடு வேண்டுமென்றால் 1978இலேயே ரூன்குவெஸ்ட் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டு அதைச் செய்துவிட்டது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு வழிபாட்டுக் கூட்டம், அதில் சாதாரண உறுப்பினர், தீட்சை பெற்றவர், பூசாரி என்று படிகள், படிக்கேற்ற கடமைகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

பகடைக்காரன், காரைக்குடி:
கண்ணப்பரை நீங்களே கொண்டுவந்து கொடுத்ததற்கு நன்றி, அண்ணன். பெரிய புராணத்தில் காளத்தி மலைக் கோயிலுக்கு ஆகமப்படி பூசை செய்பவர் சிவகோசரியார். இறைச்சியைக் கண்டு பதறி, இடத்தைச் சுத்தம் செய்து, மறுபடி முறைப்படி வழிபடுகிறார். அற்புதம் அவரிடம் நிகழவில்லை. பூசை உரிமை எதுவும் இல்லாத வேடனிடம் நிகழ்கிறது. அர்ச்சகரிடம் இருப்பது உரிமை, அருள் யாரிடம் வேண்டுமானாலும் இறங்கும். கிளெரிக் இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கட்டிவிடுகிறது. என் சண்டை அதோடுதான்.

வேலங்குடி ஆச்சி:
இரண்டு பேரும் ‘பூசாரி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்களே. சிவன் கோயிலில் பரம்பரையாக வந்து தீட்சையும் பெற்ற சிவாச்சாரியார். அய்யனார் கோயிலில் பல ஊர்களில் வேளார். புரவி எடுப்புக்கு மண் குதிரை செய்பவரும் அவர்தான், பூசை செய்பவரும் அவர்தான். இவர்களுக்கு அப்பால் சாமியாடி. அவர் படித்ததும் இல்லை, சம்பளம் வாங்குவதும் இல்லை. ஆனால் கருப்பர் இறங்கிவிட்டால் ஊரே அவர் வாயைப் பார்த்து நிற்கும்.

தெய்வங்களுக்குள்ளும் ஒழுங்கு உண்டு. அய்யனார் சைவம், பக்கத்தில் நிற்கும் கருப்பருக்குக் கிடாய். வெட்டும் நேரத்தில் அய்யனார் முன்னால் திரை போடும் கோயில்கள் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் இரண்டு சாப்பாடு, நடுவில் ஒரு துணி. விளையாட்டுப் புத்தகம் எழுதியவர்களாக இருந்தால் இருவரையும் நல்ல தெய்வம், தீய தெய்வம் என்று பிரித்துச் சண்டைக்கு விட்டிருப்பார்கள்.

நான் ஆட்டம் நடத்தினால் அர்ச்சகருக்கு மந்திர சக்தியே தரமாட்டேன். அவரிடம் சாவி இருக்கும், நாள் நட்சத்திரம் தெரியும், யாருக்கு எந்த மண்டகப்படி என்ற கணக்கு இருக்கும். சக்தி சாமியாடிக்கு. எப்போது இறங்கும் என்பதைப் பகடைதான் முடிவு செய்யும்.

கண்டனூர் வாசி:
இறங்கிய பிறகு அந்தப் பாத்திரத்தை யார் ஆடுவது, ஆச்சி? ஆட்டம் நடத்துபவரா? அப்படியானால் பணம் கொடுத்து பஸ் ஏறி வந்தவர் கால் மணி நேரம் முறுக்குத் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று. 1980இல் தெய்வங்களுக்கென்றே வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தில் இந்திரனுக்கும் காளிக்கும் ஹிட் பாயிண்ட், அதாவது எத்தனை அடி தாங்கலாம் என்ற கணக்கு, போட்டிருந்தார்கள். அதாவது போதுமான அளவு அடித்தால் காளி செத்துவிடுவாள்! நீங்கள் அதே மேசையில் எங்கள் குலதெய்வத்தைக் கொண்டுவந்து வைக்கப் போகிறீர்கள். கிரேக்கத்து ஜீயஸுக்குக் கிடாய் வெட்ட இன்று ஊர் கூடுவதில்லை. கருப்பருக்குக் கூடுகிறது. பெயரை மாற்றாமல் நான் உட்கார மாட்டேன்.

பகடைக்காரன், காரைக்குடி:
பெயரை மாற்றுகிறேன். ஹிட் பாயிண்டும் கிடையாது. ஆனால் முறையை மாற்ற மாட்டேன்.

செம்பொன்மாரி:
இதுவரை படித்தேன். திரை, குதிரை, மாலை எல்லாம் அழகாக இருக்கிறது. தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேரை மட்டும் யாரும் எழுதவில்லை. வடம் யார் பிடிப்பது என்ற தகராறில் வழக்குகள் நடந்து, தேர் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றது. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில், யார் வடத்தைத் தொடக்கூடாது என்று ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குச் சொல்வது: எங்கள் பக்கத்தில் கோயில் என்றால் இதுவும்தான். இதை விட்டுவிட்டு நீங்கள் அமைப்பது சுற்றுலாத் துறைக் கையேடு.

கண்டனூர் வாசி:
வடம் பிடிக்க விடாமல் நிறுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன் உங்கள் மேசைக்கு விளையாட வருகிறான் என்று வையுங்கள். அங்கேயும் அவனைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவீர்களா?

செம்பொன்மாரி:
அந்த வீட்டுப் பிள்ளை நான்தான். என்னை நிறுத்தும் விதியை நான் கேட்கவில்லை. கதையில் தேர் நிற்கட்டும், அதை ஓட்டிக் காட்டும் வேலையை எங்கள் பாத்திரங்களுக்குக் கொடுங்கள். டிராகனைக் கொல்வதைவிடக் கடினமாக இருக்கும். பிரச்சினையே இல்லாத ஊராகக் காட்டினால்தான் எனக்குக் கோபம் வரும்.

வேலங்குடி ஆச்சி:
இவர் சொல்வதை முதல் சாகசமாகவே வைக்கலாம். அர்ச்சகர் கையில் சாவி, ஊர்களின் தலைவர்களான நாட்டார் கையில் மரியாதை, சாமியாடி வாயில் தெய்வ வாக்கு. மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும்.

கண்டனூராருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சாமி இறங்கினால் பாத்திரத்தைப் பிடுங்க வேண்டாம். ஆட்டம் நடத்துபவர் தெய்வத்தின் கோரிக்கையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும், விளையாடுபவரே அதைப் பேசி நடிக்கட்டும்.

கண்டனூர் வாசி:
அது பரவாயில்லை. என் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது: காயம்பட்டவனை எழுப்புவது யார்?

பகடைக்காரன், காரைக்குடி:
சின்னக் காயத்துக்கு வைத்தியர். உயிர் போகிற நிலை என்றால் நேர்த்திக்கடன். யார் வேண்டுமானாலும், எந்தத் தெய்வத்துக்கும் நேர்ந்துகொள்ளலாம், கிளெரிக் தேவையில்லை. பிழைத்தால் கடன் ஷீட்டில் ஏறும். செலுத்தாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது ஒன்று கோணலாகும். காசு வெட்டுவதற்கும் விதி உண்டு: வெட்டியவர் பொய் சொல்லியிருந்தால் தண்டனை அவர் மீதே திரும்பும். தொழிலுக்குக் கடல் கடந்து போன இடத்திலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டியவர்கள் நம் பக்கத்து ஆட்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் வந்தது. சாமியோடு வரவு செலவு வைப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை.

கண்டனூர் வாசி:
கடனை அடைக்காமலே பாத்திரம் செத்துப்போனால்?

பகடைக்காரன், காரைக்குடி:
அதே ஆள் அடுத்து உருவாக்கும் பாத்திரத்தின் தலையில் விழும். வாரிசு.

கண்டனூர் வாசி:
கிளெரிக்கை எடுத்தது தவறு என்றுதான் இன்னமும் சொல்வேன். இருந்தாலும் ஞாயிறு வருகிறேன். வட்டி எவ்வளவு என்று முதலில் எழுதி அனுப்புங்கள்.