பால் மில் (குண்டு அரவை எந்திரம்): லைனர் மாற்றிய பிறகு டன்னும் குறைந்தது, மாவின் நைஸும் குறைந்தது

சல்லடை75:
சுண்ணாம்புக்கல் அரைக்கும் பால் மில், அதாவது உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் சுழல் உருளை. உலர் அரைப்பு, ஓபன் சர்க்யூட் (கல் ஒரே தடவைதான் மில்லைக் கடக்கும்), ஒரே அறை, கிரேட் (துளைத் தகடு) வழியாக வெளியேற்றம். லைனருக்கு (உள்சுவர்த் தகடு) உள்ளே விட்டம் 1.8 மீட்டர், நீளம் 3.6 மீட்டர், வேகம் 24 ஆர்பிஎம், மோட்டார் 160 கிலோவாட். ஜா கிரஷரிலிருந்து வரும் கல் 20 மி.மீ.க்குள்.

முன்பு மணிக்கு 6 டன், 75 மைக்ரான் சல்லடையில் இறங்காத மிச்சம் 12%, மோட்டார் 230 ஆம்பியர். இப்போது 4.5 டன் கொடுத்தாலே மிச்சம் 22%. ஆம்பியர் 195-ஐத் தாண்டுவதில்லை. லைனர் மாற்றும்போது குண்டுகளை முழுக்க வெளியே எடுத்து, 40 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியோடு 90 மி.மீ. புதுக் குண்டு 2 டன் சேர்த்துப் போட்டோம். மொத்த எடை பார்க்கவில்லை. புது லைனரில் அலை வடிவ மேட்டின் உயரம் பழையதைவிடக் கொஞ்சம் அதிகம். கோளாறு லைனரிலா? புல்லி மாற்றி வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பினியன்:
வேகத்தைத் தொடாதீர்கள். கிரிட்டிக்கல் ஸ்பீடு (குண்டு விழாமல் சுவரோடு ஒட்டியே சுழலத் தொடங்கும் வேகம்) கண்டுபிடிக்க 42.3-ஐ விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1.8-க்கு 31.5 ஆர்பிஎம் வரும். உங்கள் 24 அதில் 76%. 65 முதல் 78 வரை என்பதுதான் வழக்கமான வரம்பு, அதன் மேல்பாதியில் ஏற்கெனவே இருக்கிறீர்கள். இன்னும் கூட்டினால் குண்டு கல்லின் மேல் விழாமல் எதிர்ப்பக்க லைனரில் போய் மோதும்.

ஆம்பியர் குறைந்ததை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, சத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்பியர் இறங்கி சத்தமும் அமுங்கிப்போனால் மில்லுக்குள் மாவு தேங்கி நிற்கிறது: ஃபீடு (உள்ளே போடும் கல்) அதிகம், ஈரம் அதிகம், அல்லது கிரேட் துளைகளில் உடைந்த குண்டுச் சில்லு அடைத்திருக்கிறது. கல்லின் ஈரம் 1%-ஐத் தாண்டினாலே குண்டின் மேல் பூச்சு பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆம்பியர் இறங்கியும் சத்தம் கணீரென்று இருந்தால் குண்டு போதவில்லை. உங்களுடையது எது?

அதோடு குண்டின் மட்டத்தையும் அளந்து சொல்லுங்கள். ஃபீடை நிறுத்திச் சில நிமிடம் ஓட்டி, உலோகச் சத்தம் எழுந்ததும் மில்லை நிறுத்திவிடுங்கள். காலியாக ஓட விட்டால் குண்டும் உடையும், லைனரும் உடையும். பிறகு குண்டுப் பரப்பின் நடுவிலிருந்து செங்குத்தாக மேல் லைனர் வரை எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அலை லைனர் என்பதால் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். உள்ளே ஆள் போகும் முன் மெயின் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். நிறுத்திய மில் ஒருபக்கச் சுமையால் பின்னோக்கி ஆடும், ஆட்டம் முழுக்க அடங்கும் வரை மேன்ஹோல் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

சல்லடை75:
சத்தம் முன்பைவிட அதிகம், கணீர் ரகம்தான். லைனர் போல்ட் இரண்டு தளர்ந்தும் இருந்தது. மேல் லைனர் வரை 1.27 மீட்டர். கிரேட்டில் அடைப்பு இல்லை, கல்லும் காய்ந்த கல்.

குண்டுச்சுமை:
அப்படியென்றால் கணக்கு நேராகவே வருகிறது. 1.27-ஐ 1.8-ஆல் வகுத்து 126-ஆல் பெருக்கி 113-லிருந்து கழித்தால் 24. மில்லின் கொள்ளளவில் 24% மட்டுமே குண்டு இருக்கிறது. உள் கொள்ளளவு 9.16 கன மீட்டர். குவித்த குண்டு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 4.5 டன் என்று வைத்தால் இப்போது உள்ளே இருப்பது 9.9 டன். இலக்கு 30% என்று வைத்தால் 12.4 டன் வேண்டும். பற்றாக்குறை 2.5 டன். ஆம்பியர் இறங்கியதற்கு இதுவே போதுமான காரணம்.

ஆனால் நைஸ் கெட்டதற்கு எடையைவிட அளவுதான் பெரிய காரணம் என்பேன். 90 மி.மீ. குண்டு ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோ, ஒரு டன்னில் சுமார் 335 குண்டுதான். 40 மி.மீ. என்றால் அதே டன்னில் 3,800 குண்டு. பரப்பளவு முன்னதில் டன்னுக்கு 8.5 சதுர மீட்டர், பின்னதில் 19. கல்லை உடைப்பது பெரிய குண்டு, மாவாக்குவது சின்னக் குண்டு. தேய்ந்து தேய்ந்து தானாக அமைந்திருந்த கலவையின் கீழ்ப்பாதியை நீங்கள் வெளியே போட்டுவிட்டீர்கள்.

ஒதுக்கியதைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடவில்லையே? இருந்தால் சல்லடை போட்டு 25 முதல் 40 மி.மீ. வரை உருண்டையாக இருப்பதை எல்லாம் திருப்பிப் போடுங்கள். தட்டையானது, பிளந்தது, கிரேட் துளையில் சிக்கும் அளவுக்குச் சின்னது மட்டும் வேண்டாம். அனுப்பியிருந்தால் புதிதாக 50-இல் 1 டன், 40-இல் 1 டன், 30-இல் அரை டன். 90-ஐ இனி வாங்கவே வேண்டாம்: 20 மி.மீ. ஃபீடுக்கு மிகப் பெரிய குண்டு, 20-இன் கனமூலத்தை 28-ஆல் பெருக்கினால் 76 மி.மீ. தான். சுண்ணாம்புக்கல் மிருது, 70 தாராளம்.

பினியன்:
கலவை சரி. ஒரே தடவையில் 2.5 டன்னையும் கொட்டாமல் இரண்டு தவணையாகப் போடலாம். டன்னுக்குச் சுமார் 14 ஆம்பியர் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மட்டத்தை அளந்ததில் பிசகு. மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள முழுச்சுமை ஆம்பியரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபீடை 4.5 டன்னிலேயே தொடங்கி, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சல்லடை பார்த்து, மிச்சம் 12%-க்குக் கீழே நின்றால் மட்டும் கால் டன் கூட்டுங்கள்.

லைனரையும் முழுக்க விடுவிக்க மாட்டேன். புது அலை உயரமாக இருப்பதால் குண்டை மேலே தூக்கி வீசுகிறது, குண்டு மட்டம் தாழ்வு என்பதால் வீச்சு லைனரில் விழுகிறது. போல்ட் தளர்ந்ததே அதற்குச் சாட்சி. மட்டம் ஏறினால் பெருமளவு அடங்கும். எப்படியும் புது லைனருக்கு முதல் 8 மணி ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை போல்ட் இறுக்கியாக வேண்டும்.

சல்லடை75:
25–40 குண்டு மூட்டையில் அப்படியே இருக்கிறது. இனி தேய்மானத்துக்கு மாதாமாதம் போடும்போதும் இதே கலவை விகிதமா?

குண்டுச்சுமை:
இல்லை. கலவை முதல் நிரப்புதலுக்கு மட்டும். அதன்பின் 70 மட்டும் போட்டால் போதும், அது தேய்ந்து 60, 50, 40 என்று கீழே வரும். மாதாமாதம் சின்னதும் சேர்த்தால் சில மாதத்தில் சின்னது பெருகி, 20 மி.மீ. கல் உடையாமல் கிரேட்டுக்கு வந்து நிற்கும். எவ்வளவு போடுவது என்பதை டன் கணக்கில் யூகிக்காதீர்கள், மேல் லைனர் வரையிலான இடைவெளி 1.19 மீட்டருக்குத் (அதே கணக்கில் 30%) திரும்பும் அளவுக்குப் போடுங்கள். லைனர் தேயத் தேய உள் விட்டமும் கூடும், ஆகவே விட்டத்தையும் அவ்வப்போது அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.